பின்பக்கத்தைப் பார்

அன்புள்ள மருமகளுக்கு,

வட்டக்கோட்டைக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியில் கம்மல் செய்யப் போகிறாயாமே, உன் அம்மா சொன்னாள். செய், மக்ளே. ஆனால் சிப்பியெல்லாம் இப்போதைக்கு டப்பாவிலேயே கிடக்கட்டும். முதலில் கம்பி பழகு.

20 கேஜ் செம்புக் கம்பி கொஞ்சம் வாங்கு. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமன். மோட்டாருக்குச் சுற்றுகிற கம்பி வேண்டாம், அதில் எனாமல் பூசியிருக்கும். பேனா ரீபிலின் மேல் நெருக்கமாகச் சுற்றிக் கழற்றி, சுருளை ஒரே கோட்டில் வெட்டினால் வளையங்கள் உதிரும். வெட்டுவாயை அரத்தால் ராவிச் சமன் செய். திறக்கும்போது இரண்டு குறடுகளால் பிடித்து, ஒரு நுனியை உன் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் திருப்பு. அகலமாக இழுத்து விரித்தாயோ, பழைய வட்டம் வரவே வராது. மூடியபின் வெளிச்சத்துக்கு நேரே பிடி. இடைவெளி தெரிந்தால் திரும்பவும் மூடு. மலிவு நகை பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வாயில்தான்.

செம்பை வளைக்க வளைக்க விறைத்துக்கொள்ளும். அடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை வாட்டித் தண்ணீரில் போடு, இளகிவிடும். கறுத்திருந்தால் புளித்தண்ணீரில் ஊறவை.

கல் பதிப்பதைப் பற்றி வீடியோ பார்ப்பதைவிட நாகர்கோவில் வடசேரிக்கு ஒருதடவை போவது மேல். பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் தலையில் வைக்கிற சூரியன், சந்திரன், ராக்கொடி, இடுப்பில் கட்டும் ஒட்டியாணம் எல்லாம் அங்கே செய்கிறார்கள். நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. வெள்ளியில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கல்லை அமர்த்தி, சுற்றிலும் தங்க ரேக்கு பொதிவார்கள். முன்பக்கம் கண்ணைப் பறிக்கும். அதில் நீ படிக்க ஒன்றுமில்லை. அனுமதி கேட்டுத் திருப்பிப் பார். எங்கே பற்று வைத்தார்கள், எங்கே கொக்கி, கழுத்தில் குத்தாமல் விளிம்பை எப்படி மடித்தார்கள் என்பதெல்லாம் பின்னால்தான் இருக்கும். என்னைக் கேட்டால் தானாகக் கற்பவளுக்கு அதுதான் வாத்தியார்.

பற்று வைப்பதில் மட்டும் தானாக இறங்காதே. வெள்ளி 961 டிகிரியில் உருகும்; பற்று வைக்கும் பொடி அதற்கும் குறைந்த சூட்டில் உருகி ஓட வேண்டும். கொஞ்சம் தவறினால் நகையே உருண்டையாகிவிடும். வெங்காரமும் ஊதுகுழலும் ஒரு ஆசாரி பக்கத்தில் இருக்கும்போது தொட்டால் போதும்.

சிப்பியில் துளையிடத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நனைந்தபடியே கையால் சுற்றும் டிரில்லால் மெதுவாகப் போடு. கரண்டு டிரில்லைத் தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதே. சிப்பித் தூள் மூச்சுக்குள் போனால் கெடுதல். காதுக்குள் நுழைகிற கொக்கி மட்டும் வெள்ளியாக இருக்கட்டும், செம்பு வியர்வையில் பச்சை பிடிக்கும்.

வடசேரியில் கல் அமர்த்துகிற நேரத்தில் பேச்சுக் கொடுக்காதே, முடித்துத் தலை நிமிர்ந்ததும் கேள். பட்டறையில் கூட்டிய குப்பையையும் சேர்த்து வைத்திருப்பார்கள். அதில் வெள்ளித் துகள் உண்டு, மிதித்துவிடாதே.

அன்புடன்,
மாமா