கரிசல் பருத்தியும் கைத்தறியும்

அருப்புக்கோட்டை முதல் வீரசோழன் வரையிலான வானம்பார்த்த பூமிக்குப் பருத்தி புதியதன்று. கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணி, நம் நாட்டுக்கே உரிய இனம். அதன் இழை நீளம் குறைந்தது. ஆலைகள் நீண்ட இழையை நாடவே, கருங்கண்ணிச் சாகுபடி சுருங்கிற்று. கைத்தறியும் விசைத்தறியின் போட்டியில் தளர்ந்தது.

1935இல் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ், உ. சகாயம் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2014 பொங்கலையொட்டி 'வேட்டி நாள்' கொண்டாடக் கல்லூரிகளை அழைத்தது. ஒருநாள் உடுத்தி மடித்துவைத்தால் தறி ஓடாது என்பது மெய்யே. ஆயினும், பட்டுப்புடவையோடு அதை நெய்தவரின் படத்தையும் இணைத்து விற்ற அந்நிறுவனத்தின் முயற்சி இன்னும் ஆழமானது. விலைச்சீட்டை மட்டுமே கண்டு பழகியோர் நெசவாளரின் முகத்தையும் கண்டனர். அருப்புக்கோட்டைச் சேலை வாங்கும் கல்லூரி மாணவியும் கடையில் கேட்கலாம்: நூல் எவ்வூரது? நெய்தவர் யார்? கைத்தறி முத்திரை உண்டா?