சாயம் தோய்க்கும் கைகள்

ஆரணிப் பட்டு என்றதும் அரக்குச் சிவப்பும் கிளிப்பச்சையும் நம் கண்முன் வரும். அந்நிறத்தை நூலுக்கு ஏற்றிய கைகளை யார் நினைக்கிறோம்?

கச்சாப் பட்டு நூலின் மேல் செரிசின் என்னும் பசை உண்டு. நூலின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு அதுவே! அதைப் போக்கினால்தான் நூல் மிருதுவாகிப் பளபளக்கும். சாயமும் சீராகப் பிடிக்கும். அதற்காகச் சோப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரில் நூலை வேகவைப்பார்கள். அந்த நீர் பட்டின் பசையை மட்டுமா கழற்றும்? கைத்தோலின் எண்ணெயையும் சேர்த்தே கழற்றிவிடும். எண்ணெய் போன தோல் காய்ந்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே சாயமும், அது பிடிப்பதற்காகச் சேர்க்கும் அமிலமும் புகுகின்றன. ஆகவே, சாயம் ஒன்றே கையைத் தின்கிறது என்பது பாதி உண்மைதான். மாலையில் கறை போகவேண்டுமென்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கை கழுவுவோரும் உண்டு. கறையோடு தோலும் போகும்.

என் பெரியப்பா சாயத்தொழில் செய்பவர். ரசம் சோறு பிசைந்தால் விரலிடுக்கு எரியும். கையுறை அணியலாமே என்றேன். "பசை போயிற்றா என்று விரல்தானே அம்மா சொல்ல வேண்டும்?" என்றார். அதுவும் நியாயமே. இப்போது கொப்பரை வேலைக்கு மட்டும் ரப்பர் உறை, வியர்வைக்காக உள்ளே மெல்லிய பருத்தி உறை. தொட்டுப் பார்க்கும்போது கழற்றிவிடுகிறார். இரவில் தேங்காயெண்ணெய்.

தோழியரே, நம் ஓவிய வகுப்பிலும் நடப்பது இதுதான். எண்ணெய் வண்ணத்தைத் துடைக்க டர்ப்பன்டைனையோ மண்ணெண்ணெயையோ கையில் ஊற்றுகிறோம். வண்ணத்தைவிடத் தோலை அதிகம் வறட்டுவது அதுவே. சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துணியால் துடைத்து, பிறகு குளிக்கும் சோப்பால் கழுவினால் போதும். எலுமிச்சை தேய்த்து வெயிலில் நிற்கவே கூடாது. கொப்புளம் எழும்பிக் கருத்துப்போகும்.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் யாருக்கும் வரலாம், ஒதுங்கியிருந்தால் ஆறும். ஒவ்வாமையோ சிலருக்கே வரும். ஆனால் ஒருமுறை பற்றிக்கொண்டால், பிறகு அப்பொருள் துளி பட்டாலும் அரிப்பும் நீர்க்கொப்புளமும் கிளம்பும். கல்யாண வீடுகளில் இடும் ‘கறுப்பு மருதாணி’யில் தலைமயிர்ச் சாயத்துக்குரிய பாராஃபினைலின்டைஅமீன் கலப்பதுண்டு. அதனால் ஒவ்வாமை கொண்டவருக்குப் பின்னாளில் தலைச்சாயமும் ஆகாது. அம்மியில் அரைத்த மருதாணி செக்கச்செவேலென்று பிடிக்குமேயன்றிக் கறுக்காது.

எந்தப் பொருள் ஆகவில்லை என்று அறியத் தோல் மருத்துவர்கள் ஒரு சோதனை செய்வார்கள். சந்தேகப்படும் பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, எந்த இடம் சிவந்திருக்கிறதென்று பார்ப்பார்கள். அதுவரை முதுகை நனைக்காமல் இருக்கவேண்டும், அதுதான் கஷ்டம்.