வெயிற்காலத்தில் வண்டிக் குளிர்சாதனப் பெட்டி

கால்நடைத் தடுப்பூசி முகாம்களுக்கு மருந்து கொண்டுசெல்லும் வண்டிகளிலும், பால், தயிர், காளான் முதலியவற்றைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகளிலும் சிறு குளிர்சாதனப் பெட்டிகளைப் பொருத்துவது இக்காலத்து வழக்கமாகும். மார்கழியில் நன்றாய் வேலை செய்த பெட்டி சித்திரையில் போதிய அளவு குளிர்வதில்லை என்பது இவற்றை வைத்திருப்போர் பலரும் கூறும் குறை. பெட்டியே கெட்டுவிட்டதென்று எண்ணிக் கழித்துவிடுவோரும் உண்டு. பல சமயங்களில் குறை பெட்டியிலன்று. அதை வைத்திருக்கும் இடத்திலும் நடத்தும் விதத்திலுமேயாம்.

பால் திரிந்தால் உடனே தெரிந்துவிடும். தடுப்பூசி மருந்து உஷ்ணத்தால் வலுவிழந்தால் நிறமும் மாறாது, நாற்றமும் எழாது. கோமாரிக்குரிய மருந்தை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடுக்குள் வைத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்ட சூடு அதைக் கெடுக்கும். உறைந்துபோனாலும் அது கெட்டுவிடும். கெட்ட மருந்தைப் போட்டால், ஊசி போட்டாயிற்றென்று குடியானவர் கவலையற்றிருக்கையில் நோய் தொழுவத்திற்குள் நுழையும். வெக்கை நோய் உலகினின்றும் ஒழிந்ததென்று 2011இல் அறிவிக்கப்பட்டது. உஷ்ணத்தைத் தாங்கவல்ல தடுப்பூசி கிடைத்தமை, குளிர்வசதியற்ற நாடுகளில் அவ்வெற்றிக்குப் பேருதவியாயிற்று. கோமாரி மருந்துக்கோ அத்தகைய தாங்குதிறன் இல்லை.

பெட்டி குளிரும் விதம்

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயிருக்கும் உஷ்ணத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. இவ்வேலையைச் செய்யும் பெட்டிகள் பெரும்பாலும் இருவகை. ஒன்று, பாட்டரி மின்சாரத்தால் அமுக்கி ஓடுவது. மற்றொன்று, காஸ் சுடரின் உதவியால் அம்மோனியாவும் நீரும் சுழன்று குளிர்விப்பது. இது ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோமில் மாணவர்களாயிருந்த பிளாட்டன், முண்டர்ஸ் என்னும் இருவரால் 1922இல் அமைக்கப்பெற்றது. இருவகையிலும் வெளிவரும் உஷ்ணத்தைக் காற்று வாங்கிக்கொண்டு போதல் வேண்டும். அங்குள்ள காற்று முன்னமே சூடேறியிருந்தால், அல்லது வெளியேற வழியின்றித் தங்கினால், உள்ளுஷ்ணம் வெளியேறுவது தடைப்படும்.

இதனையறியாதார் பகலில் பெட்டி குளிராதபோது குமிழை முழு அளவுக்குத் திருகிவிடுகின்றனர். வெளியேற வழியில்லாத உஷ்ணம் அதனால் வெளியேறிவிடாது. இரவில் காற்றுக் குளிர்ந்தவுடன், திருகிவிட்ட பெட்டி அளவு மீறிக் குளிர்ந்து மருந்தை உறையச் செய்துவிடும். ஒரே நாளில் பகற்சூட்டாலும் இரவுக்குளிராலும் மருந்து இருமுறை கெடுகிறது. ஆகையால் குமிழில் கை வைக்குமுன் பெட்டியின் முதுகுப்புறத்தைப் பார்த்தல் வேண்டும்.

செய்யவேண்டியவை

1. நிழல்: வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தலாகாது. காலையில் மரநிழல் இருந்த இடம் பிற்பகலில் வெயிலாய்விடும் என்பதை நினைவிற்கொண்டு இடம் தேர்க. நிழல் கிடைக்காவிடில், பிற்பகலில் பெட்டி பொருந்திய பக்கம் கிழக்கே இருக்குமாறு வண்டியைத் திருப்பி நிறுத்துக. அப்பக்கத்தில் கீற்றையோ துணியையோ சற்று எட்டக் கட்டினாலும் நலம். காற்றுத் துளைகளின்மேல் படியும்படி கட்டலாகாது.

2. காற்றுவழி: வண்டிச் சுவரிற் பொருத்திய காஸ் பெட்டிக்குப் பின்னே கீழே ஒரு துளையும் மேலே ஒரு துளையும் இருத்தல் வேண்டும். குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடேறி, புகைபோக்கியிற் புகை எழுவதுபோல மேலே வெளியேறும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி மிகுதியாயிருந்தால் காற்று உஷ்ணத் தகடுகளின்மேற் படாமல் வீணே போய்விடும். அவ்விடைவெளியை ஒரு தகரத் தடுப்பினாற் குறுக்கிக் காற்றைத் தகடுகளின் வழியே செலுத்துக. சிறு மின்விசிறியொன்றை மேனோக்கி ஊதும்படி வைத்தால் காற்றற்ற நாட்களில் மிகுந்த பலன் உண்டு. அமுக்கிப் பெட்டியாயின் அதன் பக்கத் துளைகளில் சாக்கு, மூட்டை முதலியன சாராதிருக்கவும், வண்டியின் ஜன்னல்கள் திறந்திருக்கவும் பார்த்துக்கொள்க. துளைகளின் வலையிற் படியும் தூசியையும் குளவிக்கூட்டையும் அவ்வப்போது நீக்குக. காஸ் சுடர்க்குழாயைத் துப்புரவு செய்தல் அத்தொழில் அறிந்தவருக்கே உரியது.

3. மட்டம்: காஸ் பெட்டி சாய்ந்து நின்றால் உள்ளிருக்கும் திரவம் திரும்பி ஓடாமல் தேங்கிக் குளிர்ச்சி நின்றுவிடும், நெடுநேரம் அவ்வாறு நடத்தினால் பெட்டியே கெடும். கொத்தனாரின் ரசமட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துச் சக்கரத்தின்கீழ்ப் பலகையிட்டு மட்டம் செய்க. வண்டி ஓடும்போதும் பெட்ரோல் போடுமிடத்திலும் சுடர் எரியலாகாது.

4. மின்சாரம்: கடைமடைக்கு நீர் போவதற்குள் வாய்க்காலிலேயே குறைந்துவிடுவதுபோல, நீண்ட மெல்லிய கம்பியின் வழியே 12 வோல்ட் மின்சாரம் பெட்டியை அடையுமுன் வலுக்குறையும். கனத்த கம்பியைப் பாட்டரியிலிருந்து நேரே, இயன்ற அளவு குறுகிய வழியில் இழுத்து, முனைகளைப் பாசியின்றி வைத்துக்கொள்க. பாட்டரிக்கும் பெட்டிக்கும் இடையே உரிய அளவுள்ள ப்யூஸ் இருத்தல் அவசியம்.

5. சரக்கு: சூடுள்ள பொருளைக் குளிர்விக்கும் வேலை, குளிர்ந்ததைக் காக்கும் வேலையினும் பன்மடங்கு பெரிது. ஆகையால் முந்தின இரவே வெறும் பெட்டியைக் குளிர்வித்து, முன்னமே குளிர்ந்த பொருளையே உள்ளே வைக்கவேண்டும். வெற்றிடத்தில் குளிர்ந்த நீர்ப் போத்தல்களை வைத்தால் கதவைத் திறக்கும்போது குளிர் விரைவிற் குறையாது. ஆனால் பொருள்களுக்கு நடுவே காற்றுச் செல்ல இடம் விடுக. கதவு இறுக மூடுகிறதா என்பதைச் சோதிக்க, ஒரு காகிதத்தை இடையே வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தடையின்றி வந்துவிட்டால் கதவின் ரப்பர் தளர்ந்ததென அறிக.

மருந்துக்கு விசேஷ விதிகள்

மருந்துப் புட்டிகளை உறையும் தகட்டைத் தொடும்படியும், கதவுத்தட்டிலும் வைக்கலாகாது. ஓர் உஷ்ணமானியைப் பெட்டியின் நடுவே புட்டிகளோடு வைத்துக் காலையும் மாலையும் அளவைக் குறித்து வருக. வண்டியிலிருந்து தெருக்களுக்கு மருந்தை எடுத்துச் செல்லும் பெட்டியில் ஐஸ் உறைகளை எடுத்தவுடன் வைத்தால் மருந்து உறைந்துபோகும். உறையைச் சற்று நேரம் வெளியே வைத்து, மேலே நீர் துளிர்த்து, ஆட்டினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்டபின் வைத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கோடை முகாம்களை விடியற்காலையிலேயே தொடங்கும்படி ஏற்பாடு செய்து, மாடுகளைக் குறித்த நேரத்தில் கொண்டுவரும்படி முன்னதாகத் தெரிவித்தால், கதவைத் திறக்கும் வேளையும் வண்டி வெயிலில் நிற்கும் வேளையும் குறையும். முகாமுக்கு வரும் குடியானவர்கள் உஷ்ணமானியின் குறிப்பைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. அளவு 8 டிகிரிக்கு மேற்போனதாகவோ, மருந்து உறைந்ததாகவோ ஐயம் ஏற்பட்டால் அப்புட்டிகளைத் தனியே வைத்துக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, அவர் சொல்லும்வரை பயன்படுத்தாதிருத்தல் வேண்டும். ஐயமுள்ள மருந்தைக் கழிப்பதால் வரும் நஷ்டம் சில புட்டிகளே. அதைப் போடுவதால் வரும் நஷ்டம் ஓர் ஊரின் கறவையும் உழவுமாகும்.