ஆற்றுநீரும் சாயக்கழிவும்

மசினகுடியை அடுத்து ஓடும் மாயாறு, பவானிசாகரில் பவானியோடு கூடி வயலுக்கும் தறிக்கும் உதவுகிறது. அந்நீரைக் காக்க விழையும் நாம் நொய்யலாற்றின் நிலையை அறிதல் நன்று. திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்தமையால், பாசனத்திற்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்குக் கேடாயிற்று. உழவர் வழக்காடினர், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயச்சாலைகளை மூட ஆணையிட்டது.

கழிவைத் தொட்டியில் தேக்கினால் மண்டி படியும். நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். ஆயின் சாயம் பற்றுவதற்கு இட்ட உப்பு நீரிலேயே கரைந்து நிற்கும். அதனை நீக்க, நீரை நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தி வடித்தல் வேண்டும். எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கலாம். வடித்த நீர் மீண்டும் சாயத்தொட்டிக்கு ஆகும். இதற்குச் செலவு மிகுதி; சிறு சாயச்சாலையால் தனித்து இயலாது. பலர் பங்கிட்டு நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமே வழி. நெசவாளரும் உழவரும் கூடிய நம் சங்கங்கள் இதனை ஆராய்தல் கடனாகும்.