முல்லைத்தீவுக் கரைக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு

சனி, ஞாயிறு லீவில் கூட்டாளியோடு மோட்டார் சைக்கிளில் முல்லைத்தீவுக் கடற்கரை பார்க்கப் போகிறோம் என்று என்னிடம் வழி கேட்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சைக்கிளிலும் உழவு மிஷின் பெட்டியிலும் கால்நடையாயும் அந்த வீதிகளில் போய் வந்தவன் நான். வழியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை சில உண்டு.

1. ஒருவரை மட்டும் கூட்டிப் போங்கள். ஐந்து வண்டி சேர்ந்தால் ஓட்டப்போட்டிதான் நடக்கும். "நிப்பாட்டு" என்று நீங்கள் சொன்னதும் ஏன் என்று கேளாமல் நிற்பாட்டுகிறவரே நல்ல வழித்துணை. பின்னுக்கு இருப்பவரும் ஹெல்மெற் போட வேண்டும்.

2. காற்றைக் கேட்டு நாள் வையுங்கள். ஐப்பசி பிறந்தால் வாடை. தை வரைக்கும் கடல் கொந்தளிக்கும், மழை வெள்ளம் வீதியை மறிக்கும். சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை இந்தப் பக்கக் கடல் அடங்கிக் கிடக்கும். வெயில் அப்போது கடுமை. விடிய ஐந்து மணிக்கே வெளிக்கிடுங்கள். ஆனி, ஆடியில் வழியில் பாலைப்பழம் கண்டால் வாங்குங்கள்.

3. பொழுது படமுன் ஊர் சேருங்கள். பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர்தான். ஆனாலும் ஓரிரவு கட்டாக்காலி மாடொன்றில் மோதி வீதியில் விழுந்தவன் நான். கறுத்த மாடு, கறுத்த தார். முட்டும் வரை தெரியவில்லை. தூக்கி இருத்தக் கூட்டாளி இருந்தான், தப்பினேன். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கமாகத் திரும்புகிறவர்கள் யானைக்கும் பயப்பட வேண்டும்.

4. முள்ளிவாய்க்காலில் எஞ்சினை நிற்பாட்டுங்கள். இடக்கைப் பக்கம் கடல், வலக்கைப் பக்கம் நந்திக்கடல் களப்பு, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். 2009இல் போரில் எங்கள் சனம் அடைபட்டு, செத்து மடிந்தது இங்கேதான். இங்கே சிரித்துப் படம் எடுக்காதீர்கள். கரையில் ஒரு தாய் தனியே நின்றால் கேள்வி கேட்காதீர்கள். அவர் தானாகப் பேசினால் முடியும்வரை நின்று கேளுங்கள்.

5. கடலில் இறங்கமுன் மீனவர் வாடியில் கேளுங்கள். 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி முல்லைத்தீவு நகரை வாரிக்கொண்டு போனது. அமைதியாகத் தெரியும் நாளிலும் நாயாற்றுத் தொடுவாயில் நீரோட்டம் இழுக்கும். "இண்டைக்கு வேண்டாம் தம்பி" என்று மீனவர் சொன்னால் அதுவே முடிவு.

6. சிவப்பு மண்டையோட்டுப் பலகையைத் தாண்டாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. பலகை இல்லாத பற்றைக்குள்ளும் குறுக்குவழி தேடாமல், ஊரார் நடந்த தடத்தில் மட்டும் நடவுங்கள்.

7. இரண்டாம் நாள் தெற்கே திரும்புங்கள். பெற்றோலை முல்லைத்தீவிலேயே நிரப்புங்கள். சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் என்று வீதி போகும். சிலாவத்தைக் கரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன் இங்கே கடல்நீர் அள்ளுவார்கள். முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் ஏழு நாள் அந்த உப்புநீரில் விளக்கெரியும் என்பது ஊரார் நம்பிக்கை. பிறகு அந்த நீர் வற்றாப்பளைக்குப் போகும். சிலாவத்தைக் கடலில் கால் நனைத்துவிட்டுப் போங்கள்.

8. கையில் கொண்டுபோனதைக் கையோடு கொண்டு வாருங்கள். வெறும் போத்தல், பை ஒன்றும் மணலில் கிடக்கக்கூடாது. கருவாடு காயவைக்கும் பெண்களிடம் விலை பேசிக் குறைக்காமல் வாங்குங்கள்.

9. கரைவலை இழுப்பதைக் கண்டால் இறங்குங்கள். சில இடங்களில் உழவு மிஷின் இழுத்ததும் உண்டு. ஆள் இழுக்கும் கரையும் உண்டு. இரண்டு கயிற்றுக்கும் இரண்டு அணி; குதி மணலில் புதைய, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரே மூச்சில் இழுப்பார்கள். வலையின் மடி கரைக்கு நெருங்கும்போது தண்ணீர் வெள்ளியாய்த் துடிக்கும். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கேட்டு நீங்கள் ஒரு கயிற்றையும் கூட்டாளி மற்றக் கயிற்றையும் பிடியுங்கள். அரைமணித்தியாலத்தில் உள்ளங்கை சிவக்கும். எத்தனையோ இழந்தும் இந்தச் சனம் ஏன் இந்தக் கரையை விட்டுப் போகவில்லை என்று அந்தக் கயிறு சொல்லும்.