வேண்டுதலும் பணிவிடையும்

அய்யா துணை



தாங்கலில் பணிவிடை செய்கிற எல்லோர் காதிலும் அடிக்கடி விழும் ஒரு கேள்வி உண்டு. "அய்யாகிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு. இன்னும் ஒரு வழி பிறக்கலையே?" கேட்பவர் சில நேரம் மகளுக்கு வரன் அமையாத தாய். சில நேரம் அரசுத் தேர்வை மூன்றாம் முறையும் எழுதித் தேறாத தம்பி. சில நேரம் வளைகுடாவில் வேலை போய் ஊர் திரும்பியவர். இவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்குத் தவறாமல் வந்தவர்கள். பிறகு மெல்ல மெல்ல வரவு குறையும். ஒரு நாள் வராமலே போய்விடுவார்கள்.

அவர்களை நாம் குறை சொல்ல வேண்டாம். மனம் நொந்தவர் கேட்கும் கேள்வி அது. அதை எடுத்துக்கொண்டு அய்யாவின் வாழ்விலேயே விடை தேடிப் பார்ப்போம்.

1. அய்யா யாருக்காகத் தவசிருந்தார்?

கொல்லம் 1008, மாசி 20. ஆங்கில ஆண்டு 1833. அன்று திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிப்பட்ட அய்யா, நடந்தே தெச்சணம் வந்து, இன்று சுவாமிதோப்பு என்று நாம் அழைக்கும் இடத்தில் தவசு தொடங்கினார். ஆறு ஆண்டு தவசு. முதல் இரண்டு ஆண்டு ஆறடி ஆழக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டு தரையில் அமர்ந்து. கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில்.

இந்த மூன்று தவசும் எதற்காக என்று பெரியோர் நமக்கு விளக்கியிருக்கிறார்கள். ஒன்று யுகத்துக்காக. ஒன்று தாழ்த்தப்பட்டுக் கிடந்த சாதிக்காக. ஒன்று பெண்களுக்காகவும் முன்னோருக்காகவும். ஆறு ஆண்டில் ஒரு நாள்கூட அய்யா தமக்கென்று எதையும் கேட்டுத் தவசிருக்கவில்லை.

நாம் பள்ளியறை முன் நிற்கும்போது என்ன கேட்கிறோம் என்று கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். என் மகன், என் கடன், என் வீடு, என் நோய். இப்படிக் கேட்பது தவறில்லை. பெற்ற தகப்பனிடம் பிள்ளை கேட்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பட்டியலில் அடுத்த வீட்டுக்காரர் பெயர் ஒன்றாவது இருக்கிறதா?

பிறருக்காக வேண்டும்போது ஒன்று நடக்கிறது. பக்கத்துத் தெருவில் தகப்பனை இழந்த பிள்ளையின் படிப்புக்காக இன்று காலை அய்யாவிடம் கேட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போக முடியுமா? ஒரு நோட்டுப் புத்தகமாவது வாங்கிக் கொடுக்காமல் மனம் ஆறாது. நமக்காகக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாம். பிறருக்காகக் கேட்டால் அந்த இடத்திலேயே நமக்கு ஒரு வேலை பிறந்துவிடுகிறது. வேண்டுதலுக்கும் வாழ்க்கையின் நோக்கத்துக்கும் உள்ள உறவு இதுதான். என் பிறவி எதற்காக என்று தெரியவில்லையே என்று தவிப்பவர், முதலில் யாருக்காகவாவது மனமுருகி வேண்டத் தொடங்கட்டும்.

2. நம்பினால் துன்பம் வராதா?

ஆறாவது ஆண்டுத் தவசு நிறைவடையும் முன்பே திருவிதாங்கூர் அரசின் சேவகர்கள் அய்யாவைப் பிடித்துச் சென்றார்கள். திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறை. 110 நாள். ஆறு ஆண்டு பிறருக்காகத் தவசிருந்தவருக்கு இவ்வுலகம் கொடுத்த கூலி அது.

பிடிக்க வந்தபோது சுற்றி நின்ற சான்றோர் மக்கள் கொதித்தார்கள். எதிர்த்து நிற்கவும் துணிந்தார்கள். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். சிறையில் கொடிய சோதனைகள் நடந்தன. பட்டினியாகக் கிடந்த புலியின் முன் விட்டுப் பார்த்ததையும் அகிலத்திரட்டு சொல்கிறது. பிறகு, தன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்தால் விடுகிறோம் என்று ஒரு வழி காட்டப்பட்டது. அய்யா அதை ஏற்கவில்லை. எல்லாருக்காகவும் வந்தவர் ஒரு சாதிக்குள் அடங்குவதாக எப்படி எழுதிக் கொடுப்பார்? சிறையிலேயே இருந்தார். 1839 மாசியில் வெளியே வந்தார்.

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. நல்ல காரியத்தில் இறங்கியவருக்குத் தடை வந்தால், அவர் வழி தவறிவிட்டார் என்றோ கடவுள் கைவிட்டுவிட்டார் என்றோ பொருள் கொள்ளக் கூடாது. இது முதல் பாடம். இரண்டாவது, துன்பத்திலிருந்து வெளியே வர எளிதாகக் கிடைக்கும் எல்லா வழியும் அய்யா காட்டும் வழியாக இருக்காது. இந்த ஒரு பொய்யைச் சொன்னால் வேலை கிடைக்கும், இந்த ஒரு கைக்கூலியைக் கொடுத்தால் காரியம் முடியும் என்று ஒரு கதவு திறக்கும்போது, அய்யா மறுத்த அந்த ஓலை நம் நினைவுக்கு வர வேண்டும்.

3. பலன் எப்போது வரும்?

அய்யா வாழ்ந்த காலத்தில் நம் முன்னோர் பட்ட பாட்டை இளைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். தலைக்கு வரி. கூலி இல்லாத ஊழியம். ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது.

அய்யா வைகுண்டம் சென்றது 1851 வைகாசி 21-இல். மேலாடைத் தடையைத் தளர்த்தித் திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டது 1859-இல். இடையில் எட்டு ஆண்டு. எல்லாச் சாதியாருக்கும் கோயில் கதவு திறந்தது 1936-இல். அய்யாவோடு நின்று வேண்டிய தாய்மார் எத்தனையோ பேர் அந்த நாளைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் அவர்களுடைய பேத்திகள், கொள்ளுப்பேத்திகள்.

அவர்கள் வேண்டுதல் வீணானதா? இன்று தாங்கலுக்குள் நம் பெண்கள் தலை நிமிர்ந்து நடந்து வருவதைப் பார்த்த பிறகும் வீண் என்று யாராவது சொல்வார்களா? சில வேண்டுதல்களின் பலனை அறுப்பவர் வேறு, விதைத்தவர் வேறு. பனை நட்டவன் பதநீர் குடிக்கும் வரை இருப்பானா என்று பார்த்து நடுவதில்லை.

4. காத்திருந்த நாளில் என்ன செய்தார்கள்?

சிறையிலிருந்து திரும்பிய பிறகு அய்யா 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். முதலில் வாகைப்பதி, பிறகு முட்டப்பதி. நாளுக்கு மூன்று முறை குளித்தல், உடுத்த துணியைத் துவைத்தல், ஒரு வேளை மட்டும் அரிசியும் சிறுபயறும் சேர்த்த உணவு, கூடியிருந்து அய்யாவை வணங்குதல். கடற்கரை வெயிலிலும் காற்றிலும் பிள்ளை குட்டிகளோடு இதைச் செய்தார்கள்.

அந்த 700 குடும்பங்களால் அரசின் சட்டத்தை மாற்ற முடியுமா? வரியை நீக்க முடியுமா? முடியாது. ஆனால் தங்கள் துணியைத் தாங்களே வெளுக்க முடியும். உடம்பைச் சுத்தமாக வைக்க முடியும். நாவைக் கட்ட முடியும். ஒரே பந்தியில் உண்ண முடியும். கையில் இல்லாததை அய்யாவிடம் விட்டுவிட்டு, கையில் இருந்ததைக் குறைவில்லாமல் செய்தார்கள். துவையலுக்குப் போகும்போது குனிந்து போனவர்கள், திரும்பி வரும்போது தாங்களும் மனிதர் என்ற நிமிர்வோடு வந்தார்கள். அதன்பின் ஊர் ஊராகத் தாங்கல்கள் எழுந்தன. அங்கே அன்ன தர்மம் நடந்தது. பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள்.

நம்பிக்கையோடு காத்திருப்பது என்றால் இதுதான். நோய் வந்தால் திருமண்ணும் பதமும் வாங்கி வேண்டிக்கொள்கிறோம். நல்லது. அத்தோடு மருத்துவமனைக்கும் போக வேண்டும், சொன்ன மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தேர்வில் தேற வேண்டும் என்று கேட்டவர் விடியற்காலம் எழுந்து படிக்க வேண்டும். நம் பங்கைச் செய்யாமல் அய்யாவின் பங்கை மட்டும் கேட்பது நியாயமாகுமா?

5. பேரம் வேண்டாம்

இதைத் தந்தால் அதைத் தருவேன் என்று கடவுளிடம் பேரம் பேசும் வழக்கத்தை அய்யா நிறுத்தினார். ஆடு கோழி பலி, உண்டியல் காணிக்கை, பேய்க்கும் தேய்வத்துக்கும் கொடை என்று ஏழைகள் கடன்பட்டு அழிந்ததை அவர் கண்டார். அதனால்தான் அவற்றை வேண்டாம் என்றார்.

ஆனால் பலியை விட்டவர்கள் பலரிடம் பேரம் இன்னும் போகவில்லை. "இந்த வருசம் வீடு முடிஞ்சா அன்ன தர்மத்துக்கு ஒரு மூட்டை அரிசி" என்று சொல்லி வைக்கிறோம். வீடு முடியாவிட்டால் பசித்தவருக்கு அரிசி கிடையாதா? தர்மம் நம் கடமை. காரியம் நடந்தாலும் செய்ய வேண்டும், நடக்காவிட்டாலும் செய்ய வேண்டும். தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவதே தர்மம் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு முன் நிபந்தனை எதுவும் சொல்லப்படவில்லை.

6. கண்ணாடியில் தெரிவது யார்?

நம் பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடியும் அதன் இருபுறம் விளக்கும் இருக்கின்றன. வேண்டிக்கொண்டு நிமிர்ந்தால் தெரிவது நம் முகம்தான். தலைப்பாகை கட்டி, நாமம் இட்ட நம் முகம்.

உனக்குள்ளும் இறைவன் இருக்கிறான் என்பது இதன் பொருள் என்று சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். அத்தோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். அய்யாவிடம் ஒரு காரியத்தைக் கேட்டுவிட்டு நிமிரும்போது, அந்தக் காரியத்தில் கை வைக்க வேண்டிய ஆளையும் அய்யா காட்டிவிடுகிறார்.

7. அவரவர் பணிவிடை

அய்யாவுக்குச் சீடர் ஐவர். அவர்களில் அகிலத்திரட்டை ஏட்டில் எழுதும் பணி தாமரைகுளம் அரிகோபால சீடருக்குக் கிடைத்தது. 1841-இல் அவர் எழுதினார். மற்ற நால்வரும் எனக்கு ஏன் அந்தப் பணி இல்லை என்று ஒதுங்கிப் போகவில்லை. துவையலில் அடுப்பு மூட்டியவர் இருந்தார், தண்ணீர் சுமந்தவர் இருந்தார். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் இல்லாமல் துவையல் நடந்திருக்காது.

மேலே சொன்ன தேர்வு எழுதிய தம்பியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். மூன்றாம் முறையும் தேறாமல் போன பிறகு தாங்கலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய், "நீ படிச்ச கணக்குப் புத்தகம் சும்மாதானே கிடக்கு? சாயங்காலம் தாங்கல் திண்ணையில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடு" என்றார். மனமில்லாமல்தான் வந்தார். நாலு பிள்ளை பத்தானது, பத்து பதினைந்தானது. கணக்கைக் கண்டு அழுத பிள்ளைகள் இன்று ஓடி வந்து உட்காருகிறார்கள். தம்பிக்கு அரசு வேலை இன்னும் கிடைக்கவில்லை. இந்த ஆண்டும் எழுதப் போகிறார். ஆனால் அய்யா என்னைக் கண்டுகொள்ளவில்லை என்று இப்போது அவர் சொல்வதில்லை. உகப்படிப்பு தொடங்கும் நேரம் பார்த்துப் பாடத்தை முடிக்கிறார்.

பிறவியின் நோக்கம் எங்கோ தூரத்தில் மறைந்து கிடப்பதாக நினைத்துத் தேடி அலைய வேண்டாம். இன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள பணிவிடையைச் செய்தால், அடுத்த படியை அய்யா காட்டுவார்.

8. நாளும் செய்ய வேண்டியவை

காலையில் நாமம் இட்டு அய்யாவை நினைக்கும்போது, நம் தேவையோடு வேறு ஒருவரின் தேவையையும் பெயர் சொல்லி வேண்டுவோம்.

அந்த ஒருவருக்காக அன்றே செய்யக்கூடியது என்ன என்று பார்த்து, சிறிதானாலும் செய்வோம்.

கேட்டது கிடைக்காத நாளில் தாங்கலுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். அன்றுதான் கூட்டத்தோடு சேர்ந்து படிக்கும் படிப்பு நமக்குத் தேவை. குரல் எழாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

வராமல் போனவர் வீட்டுக்கு நாமே போவோம். புத்தி சொல்ல வேண்டாம். உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஒரு பணிவிடைக்குக் கூப்பிடுவோம்.

கார்த்திகையில் திருஏடு வாசிப்பு நடக்கும்போது, அய்யா சிறையிருந்த பகுதியைப் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக் கேட்போம். வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசுவோம்.

"எத்தனையோ தடவை சொல்லியாச்சு" என்பவர்களுக்கு நாம் அன்போடு சொல்லக்கூடியது இதுதான்: சொன்னது போய்ச் சேர்ந்திருக்கிறது. பதில் வரும் வரை பொறுமையோடு கையிலுள்ள பணியைச் செய்துகொண்டிருப்போம். பதில் அந்தப் பணியின் வழியாகவே வந்தாலும் வரும்.

பொறுமையும் தர்மமும் நம் எல்லோரிடமும் வளர அய்யா அருள்வாராக.

அய்யா உண்டு.