காவலாளிப் புரதம்



காய்ச்சல் கண்டால் நாம் முதலில் கேட்பது, “எத்தனை டிகிரி?” என்பதுதான். “கிருமி வந்திருக்கிறது என்று உடலுக்கு யார் சொன்னார்கள்?” என்று எவரும் கேட்பதில்லை. கிருமிக்குக் குரல் இல்லை. நம் செல்களுக்குக் கண்ணும் இல்லை. அப்படியிருந்தும் நுழைந்தவன் அந்நியன் என்பதை உடல் சில மணி நேரத்திற்குள் தெரிந்துகொள்கிறது. எப்படி? அந்தச் செய்தியைச் சொல்லும் ஒரு புரதத்தைப் பற்றியும், அதே மனிதப் புரதத்தை ஆய்வுக்கூடத்தில் தனியே உண்டாக்கி ஆராயும் முறையைப் பற்றியும் இங்கே காண்போம்.

கழற்ற முடியாத சட்டை

நம் பள்ளி வாயிலில் நிற்கும் காவலாளிக்கு ஊரிலுள்ள எல்லாரையும் தெரியாது. ஆயினும் சீருடையைக் கண்டதும் இன்னார் என்று அறிந்துகொள்கிறார். நம் வெள்ளணுக்கள் சிலவும் இப்படித்தான் செய்கின்றன. டைபாய்டு, காலரா முதலிய நோய்களை உண்டாக்கும் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் உண்டு. அதன் பெயர் லைப்போபாலிசாக்கரைடு. பாம்பு தன் சட்டையை உரித்துப் போட்டுவிடும். இவ்வகைப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இந்தச் சட்டையைக் கழற்றினால் உயிர் வாழ மாட்டா. ஆகவே இதுவே அவற்றைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம்.

காலராக் கிருமி இறந்த பின்பும் அதன் உடலில் நஞ்சு தங்கியிருப்பதை 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி கண்டார். அதற்கு ‘எண்டோடாக்சின்’, அதாவது அகநஞ்சு, என்று பெயர் வழங்கலாயிற்று. அந்த நஞ்சுதான் மேலே சொன்ன லைப்போபாலிசாக்கரைடு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். ஒரு கிலோ உடல் எடைக்கு இரண்டு முதல் நான்கு நானோகிராம் அளவு இரத்தத்தில் செலுத்தினாலே நலமுள்ள மனிதருக்குக் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். இவ்வளவு சிறிய அளவை மோப்பம் பிடிக்கும் காவலாளி யார் என்பது நூறாண்டுகளுக்கு மேல் விடை தெரியாத கேள்வியாகவே இருந்தது.

ஈயும் எலியும் சொன்ன விடை

விடை ஒரு சிறு பழ ஈயிலிருந்து தொடங்கியது. 1985-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் காத்ரின் ஆண்டர்சன், கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற பெண் விஞ்ஞானிகளும் அவர்களுடைய தோழர் ஒருவரும் ‘டோல்’ என்ற ஜீனைப் பற்றி எழுதினர். ‘டோல்’ என்பது ஜெர்மன் மொழியில் “பிரமாதம்!” என்பது போன்ற ஒரு வியப்புச் சொல். ஈயின் கருவில் முதுகு எது, வயிறு எது என்று வகுப்பதில் இந்த ஜீனுக்குப் பங்குண்டு என்பதே அன்று தெரிந்த செய்தி.

1989-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஜேன்வே, கிருமிகளின் பொது அடையாளங்களை அறியும் புரதங்கள் நம் உடலில் இருக்க வேண்டும் என்று கூறினார். அப்போது அதற்குச் சான்று கிடையாது. 1996-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜூல்ஸ் ஹோஃப்மானின் குழுவினர், டோல் ஜீன் பழுதுபட்ட ஈக்கள் பூஞ்சை படர்ந்து மடிவதைக் கண்டனர். மறு ஆண்டிலேயே ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஜிடோவும் அதே சாயலுள்ள மனிதப் புரதத்தைக் கண்டுபிடித்தனர். அதுவே இன்று டி.எல்.ஆர்.-4 எனப்படுகிறது. ‘டோலைப் போன்ற ஏற்பி, எண் நான்கு’ என்பது இதன் பொருள். மனிதரிடம் இக்குடும்பத்தைச் சேர்ந்த பத்துப் புரதங்கள் உள்ளன.

இது எந்த அடையாளத்தைக் கண்டறிகிறது? அதை எலி சொன்னது. எவ்வளவு அகநஞ்சு செலுத்தினாலும் சற்றும் அசையாத ஓர் எலி இனம் உண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் புரூஸ் பாய்ட்லர் தம் குழுவினருடன் ஐந்தாண்டுகள் தேடி, 1998-இல் அதன் காரணத்தைக் கண்டார். அந்த எலியின் டி.எல்.ஆர்.-4 ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 712-ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் வந்து அமர்ந்துவிட்டது.

“நஞ்சு தாக்காத எலி! கொடுத்து வைத்தது!” என்று எண்ணுகிறீர்களா? இல்லை. மற்ற எலிகள் தாங்கிக்கொள்ளும் அளவு சால்மொனெல்லா கிருமிகள் புகுந்தாலே இது இறந்துவிடும். காவலாளி உறங்கும் வீட்டில் கூச்சல் இராது. ஆனால் பொருளும் இராது.

ஹோஃப்மானும் பாய்ட்லரும் 2011-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். வழிகாட்டிய ஜேன்வே 2003-லேயே காலமாகிவிட்டார்.

குப்பியில் மனிதப் புரதம்

இப்புரதம் 839 அமினோ அமிலங்களால் ஆனது. இதன் வெளிப்பகுதி குதிரை லாடம் போல் வளைந்திருக்கும். எம்.டி.-2 என்ற சிறிய துணைப் புரதம் அதனுடன் ஒட்டிக்கொண்டு, கிருமியின் கொழுப்பைத் தன் பையில் பிடித்துக்கொள்ளும். உடனே இத்தகைய இரண்டு இணைகள் ஒன்று சேர, செல்லுக்குள் செய்தி செல்லும். காய்ச்சலைத் தூண்டும் பொருள்கள் சுரக்கும். இந்தக் கூட்டமைப்பின் வடிவத்தை 2009-இல் கொரிய விஞ்ஞானிகள் படிகமாக்கிக் கண்டனர்.

இதை ஆராய மனித உடலிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுப்பது எளிதன்று. செல்களில் அது மிகக் குறைவாகவே உள்ளது. ஆகவே வேறு வழி கண்டனர். ஜீன் என்பது ஒரு சமையல் குறிப்பு. மனிதக் குறிப்பை நகல் எடுத்து வேறொரு செல்லிடம் கொடுத்தால், அது மனிதப் புரதத்தையே சமைத்துத் தரும். இதற்கு மறுசேர்க்கை முறை என்று பெயர். 1978-இல் மனித இன்சுலின் இம்முறையில்தான் ஈகோலை என்ற பாக்டீரியாவில் செய்யப்பட்டது.

ஆனால் டி.எல்.ஆர்.-4 புரதத்தை ஈகோலையில் செய்வதில் இரண்டு இடர்கள் உண்டு. இப்புரதத்தின்மேல் இயற்கையாக அமையும் சர்க்கரைத் தொடர்களை அப்பாக்டீரியா சேர்க்காது. அதைவிடப் பெரிய இடர், ஈகோலையின் சுவரிலேயே லைப்போபாலிசாக்கரைடு இருப்பது. திருடன் வீட்டில் காவலாளியை வளர்த்தால், அவன் பிறக்கும்போதே திருடன் கையைப் பிடித்திருப்பான்! எனவே பாலூட்டிகளின் செல்களையோ பூச்சிகளின் செல்களையோ நாடுகின்றனர். 1957 முதல் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துவரும் சீன வெள்ளெலியின் சூலகச் செல்கள் இத்தகைய பணிக்குப் பெயர் பெற்றவை.

செய்முறை இதுதான். செல்லின் சவ்வில் புதையும் பகுதியை விட்டுவிட்டு, நீரில் கரையும் வெளிப்பகுதிக்குரிய குறிப்பை மட்டும் எடுக்கின்றனர். முடிவில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட ஹிஸ்டிடின்களை ஒரு வால் போல் சேர்க்கின்றனர். செல்கள் புரதத்தை வளர்ப்பு நீரில் சுரக்கும். அந்நீரை நிக்கல் நிரப்பிய குழாயில் ஊற்றினால், ஹிஸ்டிடின் வால் நிக்கலைப் பற்றிக்கொள்ளும். மற்றவை கழுவப்பட்டுப் போகும். பின்னர் புரதத்தை விடுவித்து, உறைய வைத்து, உலர்த்திக் குப்பியில் அடைக்கின்றனர். எலியின் காவலைக் கெடுத்த அதே ஹிஸ்டிடின், இங்கே தக்க இடத்தில் நின்று உதவுவதைப் பாருங்கள்.

ஒரு புதிய பொருள் இப்புரதத்துடன் ஒட்டுமா, இதன் வேலையைத் தடுக்குமா, தூண்டுமா என்றெல்லாம் இந்தக் குப்பியைக் கொண்டு சோதிக்கலாம்.

தூய்மையும் பொறுமையும்

உயிரின் சொந்தப் புரதமான ஹெச்.எஸ்.பி.-70 கூட வெள்ளணுக்களைத் தூண்டுகிறது என்று பல ஆய்வுகள் கூறிவந்தன. சோதனைக்குப் பயன்பட்ட புரதம் ஈகோலையில் செய்யப்பட்டது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, தூண்டியது அப்புரதம் அன்று, அதில் கலந்திருந்த அகநஞ்சே என்று காட்டியது. நன்றாகத் தூய்மை செய்தபின் தூண்டுதல் மறைந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி அழுக்கு, கற்றறிந்தோரையும் ஏமாற்றிவிட்டது.

இன்னொரு பாடமும் உண்டு. கிருமி இரத்தத்தில் பரவும்போது காவலாளி அளவுக்கு மீறிக் கூச்சலிட்டால், அந்தக் கூச்சலே நோயாளியைக் கொல்லக்கூடும். அதை அடக்க எரிட்டோரான் என்ற மருந்து செய்யப்பட்டது. எம்.டி.-2-இன் பையில் அது அழகாகப் பொருந்தியது. ஆனால் 1961 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2013-இல் வெளியானபோது, அம்மருந்து இறப்பைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. குப்பியில் வென்றது உடலில் வெல்லவில்லை. இத்தகைய புரதக் குப்பிகளின்மேல் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று எழுதியிருப்பதன் காரணம் புரிகிறதல்லவா?

ஆனால் உழைப்பு வீண் போகவில்லை. அகநஞ்சின் கொடுமையைக் குறைத்து, காவலாளியை மெல்லத் தட்டி எழுப்பும் அளவுக்குப் பக்குவப்படுத்திய ஒரு பொருள், 2007-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற செர்வாரிக்ஸ் தடுப்பூசியில் சேர்க்கப்பட்டது. அது பெண்களைத் தாக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் வகைகளைத் தடுப்பதற்கானது. நூறாண்டுகளாக நஞ்சு என்று அஞ்சிய ஒன்று, பெண்களைக் காக்கும் பணியில் சேர்ந்தது.

மாணவியரே! உறங்கிவிட்டாலும் ஆபத்து, அளவின்றிக் கூச்சலிட்டாலும் ஆபத்து. சரியாக அறிந்து, அளவோடு குரல் கொடுப்பதே நல்ல காவல். அறிவியல் கற்பவருக்கும் இதுவே வழி. அடுத்த முறை சோதனைக் குழாயைக் கழுவும்போது, “இது போதாதா?” என்று தோன்றினால், அந்த ஒரு துளி அகநஞ்சை நினைத்து இன்னொரு முறை கழுவுங்கள்.